கண் திறக்காத கிளி

என் மூத்த மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, சாமியைப் பார்த்தால்தான் சோறு இறங்கும் என்று ஒரு பழக்கத்தை நானே உண்டாக்கிவிட்டேன். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக்குக் காட்டிச் சோறூட்ட நிலா வசதிப்படாது. பனிமூட்டம் விலகினால்தானே நிலா. கொழுந்து ஏற்ற வரும் லோரியைக் காட்டலாம் என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுதான் வரும். ஆகவே கிண்ணத்தை முந்தானைக்குள் சூடாக வைத்துக்கொண்டு, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போவேன். "சிங்கம் பாக்குது, ஒரு வாய். குதிரை பாக்குது, ஒரு வாய்." அவளும் வாயைத் திறப்பாள்.

எழுபதுகளின் பின்பாதியில் அந்தக் கோயிலைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பழைய சாமிகளை உடைத்துவிட்டுப் புதுச் சாமிகளைச் செய்தார்கள். வாசலுக்கு மேலே அசுரனை மிதித்து நிற்கும் அம்மன், இருபுறமும் காவல்காரர்கள், சிங்கம், குதிரை என்று எல்லாவற்றுக்கும் பளபளவென்று வண்ணம் அடித்து முடித்தார்கள். ஆனால் ஒன்றுக்குமே கண் வைக்கவில்லை. முகத்தில் கண் இருக்கவேண்டிய இடம் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது.

முதல் நாள் என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் இருந்த சோற்றை அப்படியே என் தோளில் துப்பினாள்.

"சாமி பாக்கல," என்றாள்.

"பாக்குதுடா கண்ணு."

"கண்ணே இல்ல."

நான் ஈப்போவில் ஐந்தாம் படிவம்வரை படித்தவள். படித்தவள் என்பதால் எதையும் இரண்டு தரம் யோசிப்பேன். யோசித்து முடித்ததும், முதலில் தோன்றியதே சரிதானோ என்று மூன்றாவது தரமும் யோசிப்பேன். பிள்ளை அன்று பாதிக் கிண்ணத்தோடு நிறுத்தினாள். மறுநாள் அதுவும் இல்லை.

அந்தக் கண்களை வைக்கவேண்டியவர் சாரத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரை எஸ்டேட்டில் எல்லாரும் 'ஊர்க்காரர்' என்று அழைத்தார்கள். எங்கள் பேச்சில் ஊர் என்றால் தமிழ்நாடு. எங்களில் பெரும்பாலோர் பார்த்திராத ஊர். கோயில் வேலைக்காக அங்கிருந்து ஒரு குழு வந்தது. சிலை பிடிக்கிறவர்கள் வேலை முடிந்து திரும்பிவிட்டார்கள். குழுவின் தலைவர் இவருடைய தாய்மாமன். "வண்ணத்த முடிச்சுட்டு வந்து சேருடா" என்று சொல்லி இவரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். முப்பது வயது இருக்கும். ஒல்லி. காதில் எப்போதும் ஒரு தூரிகை செருகியிருக்கும். எங்கள் குளிருக்காக யாரோ கொடுத்த பெண்பிள்ளைக் கம்பளிச் சட்டையை, அதில் தைத்திருந்த பூக்களோடு, ஒரு கூச்சமும் இல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

"அண்ணே, எப்பண்ணே கண்ணு வைப்பீங்க?" என்று கீழிருந்து கேட்டேன்.

"வைக்கலாங்க, கிராணியம்மா. என்ன அவசரம்?"

என் கணவர் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. அதனால் நான் கிராணியம்மா.

"பிள்ள சாப்பிட மாட்டேங்குதுண்ணே. சாமி பாக்கலையாம்."

அவர் குனிந்து என் மகளைப் பார்த்தார். "பாப்பா, சாமி தூங்குது. நீ சாப்பிட்டின்னா முழிக்கும்."

"நீ பொய் சொல்ற," என்றாள் என் மகள்.

"வெவரமான புள்ள," என்று சொல்லிவிட்டு அடுத்த பீடியைப் பற்றவைத்தார்.

அவர் சோம்பேறி இல்லை. கண் வைக்காததற்குக் காரணம் இருந்தது. அதை என் கணவர்தான் சொன்னார். ஊர்க்காரர் எங்கள் நாட்டில் இருப்பதற்கான அனுமதி, கோயில் வேலை முடியும்வரைதான். அவர்கள் தொழிலில் கண்தான் கடைசி. மற்ற எல்லா வண்ணமும் உலர்ந்தபிறகு, நல்ல நாள் பார்த்து, அணில்வால் முடியில் கட்டிய தூரிகையால் கண்ணைத் திறப்பார்கள். அத்தோடு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் பினாங்குக்குப் போய்க் கப்பல் ஏறவேண்டும்.

அவருக்குக் கப்பல் ஏற மனம் இல்லை.

மாமன் குழுவில் பன்னிரண்டு வயதிலிருந்து வண்ணம் அடிக்கிறார். அவர் தொட்ட கோபுரங்களில் எல்லாம் கல்வெட்டில் மாமன் பெயர்தான். இங்கே வந்தபிறகு, தொழிற்சாலையில் உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளின் பலகையை என் கணவரிடம் கேட்டு வாங்கி, அதில் படம் வரையத் தொடங்கினார். பனிக்குள் பாதி மறைந்த கொழுந்து மலை, கூடை சுமந்த பெண்கள், லோரி ஏறும் வளைவு. மூலையில் தன் பெயரை எழுதினார். வாழ்க்கையில் முதல்தடவை. அந்த ஆசையில் முதல் படத்தில் மலையைவிடப் பெயர் பெரிதாகிவிட்டது. "மலை தூரத்துல இருக்கு கிராணியம்மா, பேரு கிட்டக்க இருக்கு" என்று அதற்கும் விளக்கம் சொன்னார்.

பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஹோட்டல் வைத்திருந்த சீன முதலாளி (எங்கள் பேச்சில் தவுக்கே) ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, அறைக்கு ஒன்று வேண்டும் என்றார். தன்னிடம் வேலை செய்ய பெர்மிட் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கோயில் வேலை முடியக்கூடாது. அதுவரை அம்மன் கண்ணைத் திறக்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

கோயில் கமிட்டிச் செயலாளர் என் கணவர். அனுமதியை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கவேண்டியவர் அவர். அவருக்கு எழுதிக்கொடுக்கிறவள் நான். "வேலை இன்னும் முடியவில்லை" என்று எழுதுவேன். எழுதிவிட்டு, இது உண்மைதானா என்று யோசிப்பேன். முடியவில்லை என்பது உண்மைதான். முடிக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தலை வலிக்கும்.

"ஏங்க, இது தப்பில்லையா?"

"சாமிக்குக் கண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேல முடியல. கையெழுத்துப் போடுறேன், குடு."

ஆண்களுக்கு எல்லாம் எவ்வளவு எளிது.

ஊர்க்காரருக்கு இந்தக் கண் வைக்காத பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. பிரிஞ்சாங்கில் ஒரு பாயின் சாப்பாட்டுக் கடை உண்டு. கடைக்குப் புதிய பலகை எழுதச் சொல்லியிருந்தார் பாய். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போன நாங்கள் அங்கே ரொட்டி சாப்பிட நுழைந்தபோது, வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பலகையில் சேவல் ஒன்று. இறகு ஒவ்வொன்றும் பிடுங்கலாம் போல இருந்தது. கொண்டையில் ரத்தம் ஓடியது. கண் மட்டும் இல்லை.

"என்னப்பா இது, குருட்டுக் கோழிய மாட்டி வச்சா எவன்லா உள்ள வருவான்?" என்றார் பாய்.

"பாய், நீங்க யோசிச்சுப் பாருங்க. வாசல்லயே கோழி ஆளப் பாத்துச்சுன்னா, உள்ள போய்க் கோழிக் கறி திங்க மனசு வருமா?"

பாய் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லோரிக்காரர் கையில் இருந்த கோழிக்காலை ஒருதரம் பார்த்துவிட்டு, "அவரு சொல்றது ஞாயந்தான் பாய்" என்றார். சேவல் அப்படியே தொங்கியது.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் மகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். அவள் சேவலைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். என் சிரிப்பு நின்றது.

பிள்ளை மெலிந்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயம். மெலியவில்லை என்று என் கணவருக்கு நிச்சயம். எஸ்டேட் மருந்தகத்துக்கு மருந்து கொடுக்கிற டிரெஸர் வர இன்னும் நாள் இருந்தது. என்னால் காத்திருக்க முடியவில்லை. ஒரு பிற்பகல் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரிய கங்காணி. கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். பெரிய மீசை, இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். நிறுக்கும்போது அவருக்கென்று ஒரு பார்வை உண்டு. வலது கண்ணைப் பாதி மூடி, இடது புருவத்தை ஏற்றி, கூடையைப் பார்ப்பார். அடியில் தண்டும் முற்றல் இலையும் திணித்திருக்கிறாயா என்று அந்தப் பார்வை கேட்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பார்வை கனவிலும் வரும். திணிக்காதவளும் அந்தப் பார்வைக்கு முன்னால் திணித்தவள் மாதிரி நெளிவாள்.

"கங்காணி ஐயா, பிள்ளைய ஒருக்கா நிறுத்துப் பாக்கணும்."

"இத எதுக்கும்மா இங்க கொண்டாந்த? சரி, வை."

கூடையில் உட்காரவைத்தேன். அவர் வலது கண்ணைப் பாதி மூடினார். இடது புருவம் ஏறியது. என் மகள் கூடைக்குள் தண்டை ஒளித்தவள் போலச் சுருங்கினாள். கங்காணி எடையைப் பார்த்தார். பிறகு வழக்கப்படி, "கூடைக்கு ஒரு ராத்தல், ஈரத்துக்கு ஒரு ராத்தல்" என்று கழித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

"ஈரம் இல்லீங்க ஐயா, பிள்ளைங்க."

"பனியிலதான தூக்கிட்டு வந்த?"

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பின்னாலிருந்து, "அக்கா, நல்ல வேள. தண்டுன்னு சொல்லித் திருப்பி அனுப்பாம விட்டாரு" என்றாள். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு ராத்தலைச் சேர்த்தும் கழித்தும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று கங்காணி கேட்டிருந்தார். நானும் சொல்லிவிட்டேன். அதுதான் வினையானது. அவர் நேரே கோயிலுக்குப் போய்ச் சாரத்தின் கீழே நின்றார்.

"ஏம்ப்பா, கண்ணு வைக்கிறது என்ன மலையப் பொரட்டுற வேலையா? ரெண்டு புள்ளி. நான் வச்சுருவேன் அத."

சாரத்தின் மேலிருந்து அணைந்த பீடி ஒன்று கீழே விழுந்தது. பிறகு ஊர்க்காரர் மெல்ல, "ரெண்டு புள்ளிங்களா?" என்றார்.

"ரெண்டே புள்ளி. ஆடித் திருவிழாவுக்கு முன்ன குடமுழுக்கு. தேதி வச்சாச்சு. முடிச்சுட்டுக் கெளம்புற வழியப் பாரு. அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுருவோம்."

அன்று மாலை ஊர்க்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் பீடி இல்லை. பீடி இல்லாத அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"கிராணியம்மா, தவுக்கே இன்னும் மூணு நாலு மாசம் ஆகும்ங்கிறாரு. அதுக்குள்ள என்னை ஏத்தி விட்டுருவாங்க. அங்க போனா மறுபடியும் மாமா பேருக்குத்தான் வரையணும்."

என்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று நினைத்தேன். என் பிள்ளை சாப்பிடவேண்டும் என்றுதான் கண் கேட்டேன். இந்த மனிதர் திரும்பிப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றாக இருந்தன. தேநீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியாமல் இன்னொரு தேநீரும் கொடுத்தேன்.

இரண்டாவது கோப்பை பாதியில், அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"ரெண்டு புள்ளின்னாரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வச்சுக் காட்டுறேன்."

மறுநாளிலிருந்து ஒரு வாரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அவர் கொட்டகைப் பக்கம் போய் நின்றார். கேட்டால், பெண்களை வரையப் பார்க்கிறேன் என்றார். பெண்களும் தலையைச் சீவிக்கொண்டு வந்தார்கள்.

கண் திறக்கும் நாளுக்கு வாசலுக்கு மேலே திரை கட்டினார்கள். எங்கள் வழக்கத்தில், திறந்த கண்ணின் முதல் பார்வை நல்லவற்றின்மேல் விழவேண்டும். கண்ணாடி, கன்றோடு பசு, நெல், ஒரு சின்னப் பெண் குழந்தை. கண்ணாடியைத் தானே பிடிப்பதாகக் கங்காணி சொல்லிவிட்டார். பெண் குழந்தைக்கு, ஊர்க்காரர் என் மகளைக் கேட்டார்.

நான் ஒரு இரவு முழுக்கப் புரண்டேன். அம்மனின் முதல் பார்வை தாங்குமா? தாங்காது என்றால் ஏன் குழந்தையை நிறுத்துகிறார்கள்? வேண்டாம் என்றால் அம்மனுக்குக் கோபமா, கமிட்டிக்குக் கோபமா? கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, யாருக்கும் தெரியாமல் காதுக்குப் பின்னால் ஒன்று. பட்டுப்பாவாடைக்குள் இரண்டு கம்பளிச் சட்டை. கையில் ஒரு வாழைப்பழம்.

திரைக்குப் பின்னால் ஊர்க்காரர் மட்டும் இருந்தார். வெளியே மேளம். எஸ்டேட் முழுவதும் வாசலில். எல்லாருக்கும் முன்னால் கங்காணி, பட்டு வேட்டியில், இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் என் மகள்.

திரை விழுந்தது.

அம்மன் எங்களைப் பார்த்தாள். நான் எத்தனையோ மாதமாகப் பார்த்துப் பழகிய அதே முகம்தான். ஆனால் அன்றுதான் வீட்டுக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது. என் கை தானாகக் கும்பிட்டது. அந்தக் கண்களில் கோபம் இல்லை. என்ன, சாப்பிட்டியா என்று கேட்கிற கண்கள். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு வாழைப்பழத்தை உரித்து, அம்மனை விட்டுக் கண்ணை எடுக்காமல், முழுவதையும் தின்றாள்.

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், பெண்கள் பக்கம் யாரும் அம்மனைப் பார்க்கவில்லை என்று கவனித்தேன். எல்லாரும் அம்மனின் காலுக்கடியில் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அசுரன் வலது கண்ணைப் பாதி மூடியிருந்தான். இடது புருவத்தை ஏற்றியிருந்தான். அவன் மீசை என்றைக்கோ வரைந்தது. கன்னத்தில் மிளகு அளவு கறுப்பும் வெகுநாளாக இருந்தது, வண்ணம் தெறித்தது என்று நினைத்திருந்தோம். கண் இல்லாதவரை அவன் வெறும் அசுரன். இப்போது, மார்பில் அம்மனின் சூலம் பாய்ந்த நிலையிலும், கூடைக்கு அடியில் என்ன திணித்திருக்கிறாய் என்று எங்கள் அத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருத்தி கூடை இல்லாத தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி குலவை போடுகிற சாக்கில் சிரித்தாள். அது நல்ல யோசனை என்று எல்லாரும் குலவை போட்டார்கள். அந்த மலையில் அவ்வளவு நீண்ட குலவை அதற்குமுன் எழுந்ததில்லை. என் கணவர் இருமத் தொடங்கி, இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கங்காணி கண்ணாடியை இறக்கினார். அசுரனை உற்றுப் பார்த்தார். வலது கண் பாதி மூடியது. இடது புருவம் ஏறியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாரத்தின் மேல் ஊர்க்காரர் மூச்சை நிறுத்திவிட்டார்.

"அசுரன் நல்லா வந்துருக்கான்," என்றார் கங்காணி. "என்ன முழி முழிக்கிறான் பாரு. நமக்கே ஒரு மாதிரி இருக்கு."

அந்தப் பார்வை அவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கண்ணாடியில் மீசையைத்தான் பார்ப்பார். கூடையைப் பார்க்கிறபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் காட்டியிருப்பார்கள். அவரை ஏமாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் ஒரு வாரம் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை.

எனக்குச் சிரிக்க நேரம் இல்லை. வேலை முடிந்தது என்று எழுதி அனுப்பச் சொல்லிக் கங்காணி என் கணவரிடம் சொல்லிவிட்டார். நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதினால் ஊர்க்காரர் கப்பலில். எழுதாவிட்டால் பொய். பேனா மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தேன்.

"கிராணியம்மா," என்று சமையலறை ஜன்னலில் குரல். ஊர்க்காரர். பூப்போட்ட கம்பளிச் சட்டை, பீடி. "வேல முடிஞ்சுதுன்னு எழுதிறாதீங்க. பொய்யாப் போயிரும்."

"எல்லாத்துக்கும் கண்ணு வச்சாச்சேண்ணே."

"உங்க ஜன்னல்லேர்ந்து பாத்தா என்ன தெரியுது?"

எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால், மேட்டில். ஜன்னலில் தெரிவது கோயிலின் முதுகு. நான் பார்த்தேன். பின்பக்க விளிம்பில், கொழுந்துச் சரிவைப் பார்த்தபடி ஒரு பச்சைக் கிளி. சிவப்பு மூக்கு. கழுத்தில் கறுப்பு வளையம்.

கண் இல்லை.

"மறந்துட்டீங்களாண்ணே?"

"மறப்பனா," என்றார். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்கூட.

அதற்குள் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். மூங்கில் எல்லாம் விறகாகிவிட்டது. என் கணவரிடம் சொன்னேன். அவர் கைவிரலால் மேசையைத் தட்டினார். பிறகு கடமை தவறாத செயலாளராகக் கங்காணியையே கூட்டிவந்து, என் சமையலறை ஜன்னலில் நிறுத்தினார். நான் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

கங்காணி கிளியைப் பார்த்தார். வலது கண் பாதி மூடியது. வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, அதே பார்வையால் என்னைப் பார்த்தார். நான் கூடை இல்லாமலே நெளிந்தேன்.

"மழையா இருக்கு," என்றார். "இப்ப சாரம் கட்ட முடியாது. வழுக்கும். மழ விடட்டும், பாத்துக்கலாம். வேல முடியலன்னு எழுதிருங்க கிராணி."

எங்கள் மலையில் மழை என்றைக்கு விட்டது. நாலு மாதத்தில் ஹோட்டல்காரரிடமிருந்து பெர்மிட் வந்துவிட்டது. ஊர்க்காரர் தன் பலகைகளைக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் போனார். கிளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதன்பிறகு அவர் நன்றாகவே வந்தார். ஹோட்டல் அறைகளில் தொங்கிய படங்களைச் சுற்றுலா வந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். ஈப்போவில் ஒரு கடை, பிறகு கோலாலம்பூரில் ஒரு கண்காட்சி. பேப்பரில் படம் வந்தது. கோட் போட்டிருந்தார், காதில் தூரிகை இருந்தது. அவர் வரையும் மனிதர்களுக்குக் கண் இல்லாமல் இருப்பது பனிக்குள் தொலைந்த உழைப்பாளிகளின் துயரத்தைக் காட்டுகிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நான் அதை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாய் கடைச் சேவலுக்கு என்ன துயரமோ என்றார் அவர். தமிழ்நாட்டிலிருந்து மாமன் எழுதினாராம், படத்தில் பேரைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லி.

ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவார். தேநீர் குடித்துவிட்டு ஜன்னலோரம் போய்க் கிளியைப் பார்ப்பார். "அது கண்ணத் திறந்துச்சுன்னா நான் கெளம்பணும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பார்க்காமல் போகமாட்டார்.

இப்போது எனக்கு இரண்டாவது மகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள்; நன்றாகச் சாப்பிடுகிறாள், அதிகமாகச் சாப்பிடுகிறாளோ என்பதுதான் இப்போதைய கவலை. சின்னவளைத் தூக்கிக்கொண்டு நான் மறுபடியும் கோயிலுக்குப் போகிறேன். மழையிலும் பாசியிலும் சாமிகளின் வண்ணம் மங்கிவிட்டது என்று போன மாதம் ஈப்போவிலிருந்து ஒரு வண்ணக்காரரைக் கூட்டிவந்தார்கள். மூங்கில் சாரம் கோயிலைச் சுற்றி ஏறியது. பின்பக்கமும்.

சோற்றுக் கிண்ணத்தோடு நான் ஜன்னலில் நின்றபோது, அந்தப் புது ஆள் கிளிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கையில் மெல்லிய தூரிகை. கறுப்பில் தோய்த்துவிட்டார்.

"இந்தக் கிளிக்குக் கண்ணு விட்டுப்போச்சே," என்று கீழே யாருக்கோ குரல் கொடுத்தார்.

எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அந்த வாரம்தான் ஊர்க்காரரின் பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி பின்வாசலால் ஓடினேன். பாதி வழியில் செருப்பு ஒன்று தேயிலைச் செடிக்குள் போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் கீழே ஒரு பழைய குரல் கேட்டது.

"தம்பி, அத விட்டுரு."

கங்காணி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மீசை நரைத்துவிட்டது. கோயில் மட்டும் இன்னும் அவருடையது. குடையை ஊன்றிக்கொண்டு சாரத்தின் கீழே நின்றார்.

"கண்ணு இல்லாம எப்படிங்க?"

"அது அப்படித்தான். அதுக்குக் கண்ணு வச்சா ஒரு ஆளு கப்பலேறணும். எறங்கி முன்பக்கம் வா."

எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என்னையும், செருப்பில்லாத என் காலையும் பார்த்தார். திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே முன்வாசலுக்குப் போனேன்.

"அந்த அசுரன் கண்ணு மங்கிப்போச்சு பாரு," என்றார் கங்காணி. "அத மட்டும் நல்லா அழுத்திப் போடணும். எப்படிப் பாக்குறான்னு தெரியுதா?"

"சரியாத் தெரியலீங்க."

"தெரியாது. அது ரெண்டு புள்ளி வைக்கிற வேல இல்ல."

குடையை என்னிடம் கொடுத்தார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு, வண்ணக்காரருக்கு நேராக வெளிச்சத்தில் போய் நின்றார். வலது கண்ணைப் பாதி மூடினார். இடது புருவத்தை ஏற்றினார்.

"இப்படி," என்றார். "பாத்துப் போடு. அவசரமில்ல, நான் நிக்கிறேன்."

இடுப்பில் இருந்த சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் ஒரு வாய் ஊட்டினேன்.